பொதுமக்கள் என்று எழுதிய கல்

நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கல்லைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அதை நீங்கள் எல்லாரும் கவனித்திருக்கிறீர்கள். போன மாதம் கல்யாண வீட்டில் கூடியபோது உங்களில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். "மேல 'படைவீரர், பொதுமக்கள் நினைவாக'ன்னு போட்டு கீது. கீழ பட்டாளத்துக்காரர் பேரு ஒண்ணுதான் கீது. அப்ப பொதுமக்கள் யாருடி?" என்றாள். அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அஞ்சாம் வகுப்பில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். நடந்ததில் பாதி உங்கள் கண் முன்னாலேயே நடந்தது. மற்றப் பாதி எங்கள் வீட்டுக்குள் நடந்தது. வெளியே சொல்லாதே என்று சொன்னவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் நான் வாயைத் திறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அத்தா என்று நான் கூப்பிட்ட என் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பலில் அந்த வேலைக்குப் பண்டாரி என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் அதுவும் இல்லாமல், கோவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவார். அவர் உடம்பில் வெங்காயமும் டீசலும் சேர்ந்த ஒரு வாசனை இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது. வீட்டுக்கு வந்த மறுநாளே முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவார். ஆம்பளை இப்படி உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அம்மா வாசல் கதவைச் சாத்திவிடுவாள். பெட்டியில் எனக்காக எப்போதும் ஏதாவது இருக்கும். மஞ்சள் நிற வெண்ணெய் டின் ஒன்று கொண்டுவந்தார். வெண்ணெய் தீர்ந்த பிறகு பல வருஷம் அதில்தான் சர்க்கரை வைத்திருந்தோம். மூடியைத் திறக்கும்போது உறிஞ்சினாற்போல ஒரு சத்தம் வரும். அந்த டின் எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

துறைமுகங்களின் பெயரை எனக்கு அவர் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார். கொழும்பு, கல்கத்தா, சிட்டகாங், அக்யாப், ரங்கூன். தூங்கும்போது கேட்டால்கூட வரிசை மாறாமல் சொல்வேன்.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீக்கடை ரேடியோவைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். கோவளத்துப் பஸ்ஸின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்பு பூசியிருந்தார்கள். நம் வாத்தியார் தினமும் பேப்பரைக் கொண்டுவந்து காலையில் உரக்கப் படிப்பார். ஒருநாள், நம் விமானங்கள் சிட்டகாங் துறைமுகத்தில் குண்டு போட்டன, கப்பல்கள் எரிகின்றன என்று படித்தார். நாம் எல்லாரும் கை தட்டினோம். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நான்தான் கையைத் தூக்கினேன். சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு என்னை ஏற்றிவிட்டார். கடலோரமாக விரலை நகர்த்திக்கொண்டே போய் அந்தப் புள்ளியில் வைத்தேன். "கப்பல்காரர் மகள்ன்னா சும்மாவா" என்று வாத்தியார் முதுகில் தட்டினார். எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

அத்தா அப்போது கொழும்பில் இருப்பதாகத்தான் எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சண்டையில் நம் ஊருக்கு முதலில் வந்த தந்தி பட்டாளத்தம்மாவுக்கு வந்தது. அவளுடைய பெயர் நம் யாருக்கும் தெரியாது. மகன் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஊரே அவளைப் பட்டாளத்தம்மா என்றுதான் கூப்பிட்டது. காலனியில் கடைசி வீடு. சவுக்குத் தோப்புகளில் விறகுக்கு மிலாறு பொறுக்கித் தலைச்சுமையாக விற்பாள். வாரத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டு வரும். மற்றத் தெருக்களில் விறகைப் பின்பக்கம் போட்டுவிட்டு வெளியிலேயே நிற்பாள். எங்கள் வீட்டில் முற்றத்துக்குள் வந்து தூணில் சாய்ந்து உட்காருவாள். அம்மா தான் குடிக்கிற மாதிரியே ஒரு கண்ணாடி கிளாசில் டீ கொடுப்பாள். "இந்த வூட்லதான் நான் உள்ள வந்து குந்தறேன் பாயம்மா" என்பாள். ஒவ்வொரு வாரமும் அதைச் சொல்லுவாள். அம்மா ஒவ்வொரு வாரமும் வெட்கப்படுவாள்.

அவள் மகனை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவர் லீவில் வந்த சமயம் அத்தாவும் ஊரில் இருந்தார். தன் அம்மாவுக்குப் பதில் விறகுக்கட்டைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். அத்தா அவரை உட்கார வைத்துச் சோறு போட்டார். "துப்பாக்கி ரொம்ப கனமா தம்பி?" என்று அத்தா கேட்டார். "உங்க கப்பல் சோத்துச் சட்டிய விடவா பாய்?" என்று அவர் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவர் சாப்பிட்ட வேகம்தான் ஞாபகம் இருக்கிறது. யாரோ தட்டைப் பிடுங்கிவிடப் போகிற மாதிரி சாப்பிட்டார்.

அவர் உடல் வரவில்லை. அங்கேயே தகனம் செய்துவிட்டார்கள். பட்டாளத்துக்காரர் ஒருவர் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜனங்களைக் காப்பாற்றப் போய் உங்கள் மகன் உயிரைக் கொடுத்தான், அந்த ஊர் ஜனங்கள் எங்களுக்கு மாலை போட்டு அழுதார்கள் என்று அவர் பட்டாளத்தம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அழுவாள். "எம் புள்ள சும்மா சாவல. ஜனங்களக் காப்பாத்தப் போயி செத்தான்."

எங்கள் வீட்டுக்குச் செய்தி அதற்கு ரொம்ப நாள் கழித்து வந்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அத்தாவோடு அதே கப்பலில் என்ஜின் ரூமில் வேலை செய்த கூட்டாளி, கோவளத்துக்காரர், ஒரு கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். வரும்போதே கூடுவாஞ்சேரிக்குப் போய் என் மாமாவையும் கூட்டி வந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அங்கே ரோட்டோரமாக இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கொழும்புலேந்து சணல் ஏத்தறதுக்கு சிட்டகாங் போனோம். சண்ட வரும்னு யாருக்குத் தெரியும்? பிளேனு வந்தப்ப பண்டாரி அடுப்பாண்ட இருந்தாரு" என்றார் கூட்டாளி.

"யாரு பிளேனு?" என்று மாமா கேட்டார்.

கூட்டாளி தன் கைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பிளேனுதான். மேலேந்து பாக்கறவனுக்கு உள்ள யார் கீறான்னு தெரியுமா? கப்பல்னு பாத்தான், போட்டான்." பிறகு, அங்கேயே ஜனாஸா தொழுது அடக்கம் செய்துவிட்டோம் என்றார்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதுக்கு முன்னால சாப்ட்டாரா?"

சாப்பிட்டார் என்று கூட்டாளி சொன்னார். பண்டாரி எல்லாருக்கும் போட்ட பிறகுதான் சாப்பிடுவான் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கப்பலில் குண்டு விழுந்து இறந்தார் என்று மட்டும் ஊரில் சொன்னோம். அம்மா இத்தா இருந்தாள். புருஷன் இறந்தவர்களுக்கு விதித்த அந்தக் காலம் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் யாரையும் பார்க்கக் கூடாது. பட்டாளத்தம்மா வாரத்துக்கு ஒருநாள் வந்தவள் அப்போது தினமும் வந்தாள். விறகு இருந்தாலும் வருவாள், இல்லாவிட்டாலும் வருவாள். இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பல நாள் ஒன்றுமே பேச மாட்டார்கள். அம்மா அரிசியில் கல் பொறுக்குவாள், அவள் முருங்கைக்கீரை உருவுவாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கீரைக் காம்பு வாசனையும் டீ வாசனையும் இருக்கும். அந்த வெயில் காலத்தில் எனக்கு இரண்டு அம்மா இருந்த மாதிரிதான்.

ஒருநாள் பட்டாளத்தம்மா சொன்னாள்: "உன் வூட்டுக்காரரையும் அந்தப் பாவிங்கதான் கொன்னுட்டானுங்கோ. ஆனா எம் புள்ள அவனுங்கள சும்மா வுட்டிருக்க மாட்டான் பாயம்மா. உனக்கும் சேத்துத்தான் அவன் பதில் சொல்லிக்கிறான்."

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆமாக்கா" என்றாள்.

ஊரில் ஒரு கல் வைக்கலாம் என்று பஞ்சாயத்துத் தலைவருக்கு யோசனை வந்தது அதற்குப் பிறகுதான். சவுக்குத் தோப்பில் பாதி அவருடையது. சுதந்திர தினத்தன்று பெரிய அதிகாரியைக் கூட்டி வந்து திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். காலனிப் பையன் பெயரைக் காலனி வாசலில் வைத்தால் போதாதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். கார் வந்து நிற்கிற இடத்தில் வைத்தால்தான் மரியாதை என்று தலைவர் பஸ் ஸ்டாப் பூவரச மரத்தடியைச் சொன்னார். பட்டாளத்தம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம். "ரெண்டு பேரும் ஒரே சண்டைல போனவங்கோ. பாய் பேரையும் போடுங்க சாமி."

தலைவருக்கு அது பிடித்துப்போயிற்று. "இந்து ஒண்ணு முஸ்லிம் ஒண்ணு. நல்லாத்தானே கீது" என்றார். அப்போதுதான் 'படைவீரர், பொதுமக்கள்' என்று தலைப்பு எழுதினார்கள்.

அம்மாவின் இத்தா முடிந்து சில நாளில் கல் தயாராகிவிட்டது என்று மாமல்லபுரத்திலிருந்து ஆள் வந்தது. தனக்குப் படிக்க வராது என்று பட்டாளத்தம்மா என்னைத் துணைக்குக் கேட்டாள். அம்மா எனக்குத் தலை வாரி, பூப் போட்ட பாவாடை கட்டி அனுப்பினாள். பஸ்ஸில் அவள் எனக்கு ஜன்னல் பக்கம் கொடுத்தாள். சிற்பப் பட்டறை முழுக்க வெள்ளைத் தூசி. உளிச் சத்தம் பல் கூசும்படி கேட்டுக்கொண்டே இருந்தது. பாதி முகம் மட்டும் வந்த சாமிகள் வரிசையாக நின்றன. நம் கல் கீற்றுப் பந்தலுக்கு அடியில் படுத்திருந்தது. நான் குனிந்து படித்துக் காட்டினேன். அவள் மகன் பெயர் வந்த இடத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் விரலை விட்டு எடுத்தாள். உளிக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கத்தா பேரு எங்க கீது?" என்றாள்.

அதற்கு அடுத்த வரி. இந்தத் தடவை அவள் என் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள். கல் சூடாக இருந்தது. நம் ஊரில் அத்தாவை அடக்கிய கபர் என்று ஒன்றுகூட இல்லாதபோது, அவர் இருக்கிற இடம் இதுதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. திரும்பும்போது பட்டாளத்தம்மா எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸில் அவள் தோளிலேயே தூங்கிவிட்டேன்.

தலைவர் அனுமதிக்காக இரண்டு பெயரையும் மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பியிருந்தார். எந்தச் சண்டையில், எப்படி இறந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதன்பேரில்தானோ என்னவோ, பேன்ட் போட்ட ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். எந்த ஆபீஸ் என்று சொன்னார், யாருக்கும் சரியாகப் புரியவில்லை. கோபமாக ஒன்றும் பேசவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாள். அத்தா இருந்தது எந்தக் கம்பெனிக் கப்பல், சிட்டகாங்குக்கு எத்தனை தடவை போயிருக்கிறார், அங்கே சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்த நன்னாரி சர்பத்தைக் குடித்தார். "அவ்ளோதாம்மா" என்று எழுந்து போனார்.

இப்போது யோசித்தால், அவர் கம்பெனிக்காரர்களிடம் எங்களுக்காக நஷ்டஈடு கேட்கிறதற்காக வந்தவராகக்கூட இருக்கலாம். அவரை ஒரு வார்த்தை திருப்பிக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரவும் இல்லை.

மறுநாளே மாமா வந்துவிட்டார். சண்டை நடந்தபோது அவருடைய கடை வாசலில் நின்று யாரோ ஒருவன் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தான். என்ன சொன்னான் என்று மாமா எங்களிடம் சொன்னதே இல்லை. அதிலிருந்து அவருக்கு எதைப் பார்த்தாலும் பயம். எங்கள் வீட்டு அரிசி அப்போது அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

"கல்லுல பேரு வேணாம்" என்றார்.

"வெட்டியாச்சேண்ணா" என்றாள் அம்மா.

"வெட்டுனா இன்னா? எடுக்கச் சொல்லு. நாளைக்கு ஒருத்தன் நின்னு படிப்பான். பாய் எங்க செத்தான்னு கேப்பான். எதிரி ஊர்லன்னு சொல்வியா? யாரு போட்ட குண்டுன்னு கேப்பான். அதுக்கு இன்னா சொல்வ? நம்மளுக்கு இந்த ஊர்ல கீற பேரு போதும்."

"அவரு சோறுதாண்ணா ஆக்குனாரு."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

அம்மா அழுதாள். மாமாவும்தான் அழுதார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, அம்மாவின் கையை எடுத்து என் தலையில் வைத்தார். "யார் பிளேனுன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு. அந்தக் காலனியம்மாகிட்ட மொதல்ல." அம்மா கையை எடுக்காமல் சொன்னாள்.

தலைவரிடம் அம்மாவேதான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. புருஷன் பெயரை எடுக்கச் சொல்ல பெண்டாட்டிக்குத்தான் உரிமை என்று மாமா சொல்லியிருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முக்காட்டை இழுத்துவிட்டு வாசற்படிக்குக் கீழே நின்றாள். "எங்க மார்க்கத்துல இப்பிடிக் கல்லுல பேரு வெக்கறது சரியில்லீங்கோ" என்று சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். தலைவர் ரொம்ப யோசிக்கவில்லை. "உன் இஷ்டம்மா" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய கணக்கப்பிள்ளை சிரித்தார். "காலனிப் பையன் பேரு பக்கத்துல பாய் பேரு வர்றது இஷ்டமில்ல போலகீது" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது டீக்கடைக்குப் போய், அங்கிருந்து காலனிக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் பட்டாளத்தம்மா வந்தாள். கையில் விறகு இல்லை. முற்றத்துக்குள் வரவில்லை, வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். மாமா உள்ளே நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா, "உள்ள வாங்கக்கா" என்றாள்.

"வர்றது இருக்கட்டும். பேர எடுக்கச் சொன்னியா?"

"எங்க மார்க்கத்துல..."

"கோவளம் தர்காவுல கல்லுல பேரு இல்லியா? எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எழுத்து கீறது கண்ணுக்குத் தெரியும்."

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளில் வந்து அழுத்தியது. நகம் பதிகிற அளவுக்கு அழுத்தியது.

"எம் புள்ள பேரு பக்கத்துல இருந்தா உன் வூட்டுக்காரருக்குத் தீட்டா பாயம்மா? நெசத்தச் சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான். நீயும் அப்பிடித்தான்னு தெரிஞ்சா போதும், போயிடறேன்."

உள்ளே மாமா தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"எனக்கு டீ குடுத்தியே, அந்த கிளாசத் தனியா வெச்சிருந்தியா?"

"இல்லக்கா" என்றாள் அம்மா. அது ஒன்றுக்குத்தான் அவளால் பதில் சொல்ல முடிந்தது. பட்டாளத்தம்மா அதை நம்பவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா கை கழுவிவிட்டு வந்து, "நல்லதாப் போச்சு. இனிமே வந்து கேள்வி கேக்க மாட்டா" என்றார்.

கல் திறந்த அன்று நீங்கள் எல்லாரும் காகிதக் கொடியோடு நின்றீர்கள். நானும் உங்களோடு நின்றேன். பெரிய அதிகாரி வரவில்லை, சின்ன அதிகாரிதான் வந்தார். துணியை விலக்கியபோது மகன் பெயருக்குக் கீழே ஒரு வரி அளவுக்குக் கல் செதுக்கித் தேய்க்கப்பட்டிருந்தது. அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தலைப்பில் 'பொதுமக்கள்' என்பதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது எடுத்தால் கல் பாழாகும் என்று விட்டுவிட்டார்களோ தெரியாது. பட்டாளத்தம்மாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஊரில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். அம்மா வரவில்லை. அந்த வருஷமே எங்களை மாமா கூடுவாஞ்சேரிக்குக் கூட்டிப் போய்விட்டார். உங்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போனேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது.

எழுபத்தொன்பதில், மாமா காலமான பிறகு, மாமிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே சேர்த்தோம். அம்மாவும் நானும் துணைக்கு இருந்தோம். வகுப்பறைகளில் பெஞ்சை எல்லாம் எடுத்துவிட்டு வரிசையாகப் பாய் போட்டு, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பை. மருந்து வாசனையும் கஞ்சி வாசனையும் கலந்து அடிக்கும். மாமிக்குப் பக்கத்துப் பாயில் இருந்தவளைப் பார்த்ததும் அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணைக் கட்டியிருந்தாலும் பட்டாளத்தம்மாவை எங்களுக்குத் தெரியாமல் போகுமா? ரொம்ப இளைத்திருந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் தூரம், அதனால் துணைக்கு யாரும் வரவில்லை என்று ஆயா சொன்னாள்.

அன்றிலிருந்து அம்மாதான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள், கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய் வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் என்னைப் பேச வைத்தாள். என் குரல் பெரிய பெண்ணின் குரலாக மாறியிருந்தது.

"எந்த ஊருமா நீங்கோ?"

"கூடுவாஞ்சேரி" என்றேன்.

"உங்கம்மா பேச மாட்டாங்களா?"

"தொண்ட கட்டிக்கினு கீது."

"பாவம்" என்றாள். பிறகு அம்மாவின் கையைத் தடவிப் பார்த்து, "கை மட்டும் எவ்ளோ பதமா கீது" என்றாள். படுத்துக்கொண்டே மகனைப் பற்றிச் சொன்னாள். ஜனங்களைக் காப்பாற்றப் போனதைச் சொன்னாள். கல்லைப் பற்றிச் சொன்னாள். "எங்க ஊர்ல ஒரு பாயம்மா இருந்தா. கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன். அவளும் கடைசில புத்தியக் காட்டிட்டா" என்றாள். அம்மா கரண்டியை அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே குழாயடியில் பாத்திரம் கழுவும்போது நான் அம்மாவிடம் கேட்டேன். "இப்ப சொல்லிடலாமேம்மா. மாமாதான் இல்லியே."

"சொல்லலாம். இன்னான்னு சொல்றது? உன் புள்ள நின்ன பட்டாளந்தான் எம் புருசனக் கொன்னுதுன்னா? அவன் நல்லதுக்குச் செத்தான்னு நெனச்சிக்கினு அவ உசிரோட கீறா. அதுல போயி கை வெக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு, "எம் மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போட்டும்" என்றாள்.

கட்டை அவிழ்த்து, தடிக் கண்ணாடி போட்டு அனுப்புகிற நாள் வந்தது. அம்மா காலையிலேயே கஞ்சியை ஊட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். கண்ணாடி போட்டதும் பட்டாளத்தம்மா முதலில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். அன்றைக்குத்தான் வேலைக்கு வந்த காலேஜ் பையன் ஒருவன் அவளைக் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டி வந்தான். வராந்தாவில் எங்களைத் தாண்டும்போது நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாகத் தெரிந்தது. அம்மா அரை அடி முன்னால் வந்தாள். பட்டாளத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படியிறங்கிப் போய், வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒவ்வொரு பொம்பளையின் முகத்தையும் பார்த்தாள். "எனக்குக் கஞ்சி ஊட்ன கூடுவாஞ்சேரியம்மா எங்க தம்பி? ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாகத் தேடினாள். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், பையன் தலையை ஆட்டினான். வேன் போய்விட்டது.

அவன் திரும்பி வந்து, வராந்தாவில் முதலில் கண்ணில் பட்ட அம்மாவிடம் நின்றான். "அம்மா, கூடுவாஞ்சேரியிலேந்து வந்தவங்க யாரையாவது தெரியுமா உங்களுக்கு? இப்ப வேன்ல போன பாட்டி சொல்லச் சொன்னாங்க. அவங்க ஊருக்கு வந்து பட்டாளத்தான் வூடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்களாம். பஸ் ஸ்டாப்புல மகன் பேரு கல்லுல கீதாம். அவசியம் வந்து பாக்கச் சொன்னாங்க."

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "பாத்தா சொல்றேம்பா" என்றாள்.